எத்தனை அப்ளிகேஷன் போடலாம்?

"அம்மா, பதினஞ்சு யூனிவர்சிடிக்கு அப்ளை பண்ணப் போறேன்!"

இன்ஜினீயரிங் கடைசி வருஷத்தில் இருந்த என் மகள் இப்படிச் சொன்னதும், கையிலிருந்த கரண்டியை அப்படியே கீழே வைத்துவிட்டேன். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க அவளுக்கு ஆசை. தோழி பதினைந்து போடுகிறாளாம். அதனால் இவளுக்கும் பதினைந்து!

"ஒண்ணுக்கு எவ்வளவுடீ ஆகும்?" என்றேன்.

அன்றிரவு இருவரும் கணக்கு நோட்டுடன் உட்கார்ந்தோம். பல இடங்களில் விண்ணப்பக் கட்டணம் 75 முதல் 125 டாலர் வரை. இடம் கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பி வராது. ஒன்றுக்கு 100 டாலர், டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பதினைந்துக்கு 1,35,000 ரூபாய்! அவளுக்காக நான் கட்டிவந்த சீட்டுப் பணம் இதிலேயே கரைந்துவிடும். அப்புறம் விசாவுக்கும் விமான டிக்கெட்டுக்கும் எங்கே போவது?

பணம் மட்டுமல்ல. 'இங்கே ஏன் படிக்க விரும்புகிறேன்' என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஏற்றபடி கட்டுரை எழுத வேண்டும். பெரும்பாலும் மூன்று பேராசிரியர்களின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். பாவம், மூவரையும் பதினைந்து தடவை தொந்தரவு செய்யலாமா?

எனக்குக் கம்ப்யூட்டர் படிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் பட்டியலை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லி, ஒரே கேள்வி கேட்டேன்: "மத்ததெல்லாம் இல்லேன்னு ஆயி, இது ஒண்ணுதான் கிடைச்சா போவியா?"

சில பெயர்களுக்கு உடனே "போவேன்" என்றாள். சிலவற்றுக்கு மௌனம். மௌனம் வந்தவற்றை அடித்துவிட்டோம். போக மனமில்லாத வீட்டுக்கு ஜாதகம் கொடுப்பானேன்?

மிஞ்சியவை எட்டு. அதில் 'நிச்சயம் கிடைக்கும்' என்று அவள் நம்பிய ஒன்றின் ஃபீஸ், கடன் வாங்கினாலும் எங்களுக்கு எட்டாதது. விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவம் தர, முதல் வருஷச் செலவுக்குப் பணம் இருப்பதற்கு அத்தாட்சி கேட்பார்கள். கிடைத்தும் போக முடியாத இடம் எப்படி நிச்சயமான இடமாகும்? அதையும் அடித்தோம்.

கடைசியில் ஏழு. எட்டாக் கொம்பு இரண்டு, அவள் மார்க்குக்கு ஏற்றவை மூன்று, பெரும்பாலும் கைகொடுப்பவை இரண்டு.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு நடந்தால், இவற்றையும் கவனியுங்கள்:

* 2020-க்குப் பிறகு ஜி.ஆர்.இ. பரீட்சையைப் பல துறைகள் கட்டாயமாக்குவதில்லை. எழுதினால், பரீட்சையன்றே நான்கு இடங்களுக்குத் தனிக் கட்டணமின்றி மார்க்கை அனுப்பலாம். அதற்குள் பட்டியல் தயாராக இருக்கட்டும்.

* கட்டணச் சலுகை உண்டா என்று பணம் கட்டுமுன்பே விசாரிக்கச் சொல்லுங்கள்.

* பிஎச்.டி. என்றால் கணக்கு வேறு. விஞ்ஞானத் துறைகளில் பெரும்பாலும் ஃபீஸை விலக்கி உதவித்தொகையும் தருகிறார்கள். எடுக்கும் ஆட்களோ குறைவு. அதற்குச் சில இடங்கள் கூடுதலாகப் போடலாம்.

மார்ச் மாதம் வரிசையாக நான்கு 'இல்லை' வந்தது. "பதினஞ்சே போட்டிருக்கலாமோ?" என்று அவள் கண் கலங்கியபோது எனக்கும் வயிற்றைக் கலக்கியது. ஐந்தாவது பதில், 'உண்டு'!

"போவியா?" என்று நான் கேட்கவில்லை. அதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருந்தாளே! சீட்டுப் பணத்தில் டிக்கெட் வாங்கினோம்.