நொறுக்குத் தீனியின் உறையும் வளரிளம் பருவத்தினரின் தேர்வும்

கடையில் ஒரு நொறுக்குத் தீனியைத் தேர்ந்தெடுக்கச் சில நொடிகளே ஆகின்றன. அந்த நொடிகளில் உங்கள் பிள்ளை காண்பது உறையின் முன்பக்கத்தை மட்டுமே. வளரிளம் பருவத்தில், உடனடி இன்பத்தை நாடும் மூளைப் பகுதிகள் முன்னதாகவும், தன்னைக் கட்டுப்படுத்தும் பகுதிகள் பின்னதாகவும் முதிர்கின்றன. எனவே, இதனைப் பிடிவாதம் என்று மட்டும் கருத வேண்டாம்.

உறை எவ்வாறு ஈர்க்கிறது?

• படங்கள்: தக்காளி, புதினா போன்றவற்றின் படங்கள் பெரும்பாலும் சுவையையே குறிக்கின்றன.
• சொற்கள்: ‘பல தானியங்கள்’, ‘எண்ணெயில் பொரிக்காதது’ என்பவற்றால் உப்பு குறைவு என்று பொருளாகாது.
• பிரபலங்கள்: நடிகர், விளையாட்டு வீரர் ஆகியோரின் படங்கள் உணவின் தரத்துக்குச் சான்றல்ல.
• பச்சை வட்டம்: இது சைவ உணவு என்பதை மட்டுமே தெரிவிக்கிறது, உடல்நலத்துக்கு உகந்தது என்பதை அன்று.

உறையை மாற்றினால் தேர்வும் மாறும். சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரை, சோடியம், நிறைவுற்ற கொழுப்பு, கலோரி ஆகியவை மிகுந்த உணவுகளின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை கட்டாயமாக்கப்பட்டது. அவற்றின் உறைகளில் கார்ட்டூன் உருவங்களும் விளம்பரங்களும் கட்டுப்படுத்தப்பட்டன. அதன்பின், எச்சரிக்கை பெற்ற இனிப்புப் பானங்களை மக்கள் வாங்குவது கணிசமாகக் குறைந்தது.

பின்பக்கத்தைப் படிக்கும் முறை

1. அட்டவணையிலுள்ள அளவு 100 கிராமுக்கா, ஒரு பரிமாறும் அளவுக்கா எனப் பாருங்கள். பின்னர் முழுப் பொட்டலத்துக்கும் கணக்கிடுங்கள்.
2. சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் இருந்தால், 50 கிராம் பொட்டலத்தில் 400 மில்லிகிராம் இருக்கும். அதாவது 1 கிராம் உப்பு. பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.
3. சேர்மானங்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்படுகின்றன. சர்க்கரையோ எண்ணெயோ முதல் மூன்று இடங்களில் இருந்தால் அத்தீனியைத் தவிர்ப்பது நல்லது.

இக்கணக்கை நீங்கள் செய்து காட்டுவதைவிட, பிள்ளையே செய்யட்டும். கண்டிப்பைவிடத் தானே கண்டறிந்தது மனத்தில் நிற்கும். வீட்டில் சுண்டல், வேர்க்கடலை, பழம் ஆகியவை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மருத்துவரிடம் எப்போது கேட்க வேண்டும்?

உங்கள் பிள்ளைக்கு உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரக நோய், உடல் பருமன் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் பொதுவான அளவுகள் பொருந்தாமல் போகலாம். அடுத்த மருத்துவப் பரிசோதனைக்கு வரும்போது, பிள்ளை வழக்கமாக உண்ணும் தீனிகளின் வெற்று உறைகளை எடுத்து வாருங்கள். எதைத் தவிர்க்கலாம், எதை எவ்வளவு உண்ணலாம் என்பதை மருத்துவர் அவற்றைப் பார்த்துத் தெளிவாகக் கூற இயலும்.