சிறு குளத்தில் பெரு மீன்

"சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடி" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. சிறிது கொடுத்துப் பெரிது பெறும் உலகியல் சூழ்ச்சியை உணர்த்த எழுந்த வாக்கு அது. மீன்களைப் பற்றிய அறிவியலோ அதைச் சற்றே மாற்றிச் சொல்கிறது. சின்ன மீனைக் குளத்திலிருந்து எடுத்தால்தான் பெரிய மீன் கிடைக்கும் என்கிறது. கேட்பதற்கு வேடிக்கையாக இருப்பினும், சிறு குளத்தைப் பொறுத்தமட்டில் இது வெறும் கூட்டல் கழித்தல் கணக்கே. அமெரிக்க நாட்டில் புகழ்பெற்ற பாஸ் என்னும் மீனைக் கொண்டு அந்தக் கணக்கை விளக்க முயல்கிறேன். விலங்கியல் மாணவன் எதை எழுதினாலும் அது விடுதிச் சாப்பாட்டில் வந்து நிற்கும் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். இங்கும் அது வரத்தான் போகிறது, பொறுத்தருள வேண்டும்.

முதலில் இந்தப் பாஸ் யார் என்று பார்ப்போம். நம் கடற்கரையில் கிடைக்கும் கொடுவா மீனை ஆங்கிலத்தில் ஆசியக் கடல் பாஸ் என்பார்கள். அதற்கும் இதற்கும் பெயரளவில்தான் ஒற்றுமை. நாம் பேச வந்தது பெருவாய்ப் பாஸ். வட அமெரிக்காவின் கிழக்கிலும் நடுவிலும் உள்ள நன்னீர் நிலைகளே அதன் தாயகம். உடல் பச்சை, பக்கத்தில் ஒரு கரிய பட்டை. வாயை மூடியிருக்கும்போது மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னே நீண்டு நிற்கும். பெயருக்குக் காரணம் அதுவே. நீர்ச்செடியின் ஓரத்திலோ மூழ்கிய மரத்தின் நிழலிலோ அசையாமல் நிற்கும். இரை கிட்ட வந்ததும் திடீரென வாயைப் பிளந்து, நீரோடு சேர்த்து உள்ளே உறிஞ்சிவிடும்.

இந்த மீன் எவ்வளவு பெரிதாகும்? 1932-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்து மாண்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ் இருந்தது. ஏறத்தாழ 10 கிலோ! 77 ஆண்டுகள் கழித்து, 2009 ஜூலை 2-ஆம் நாள், ஜப்பான் நாட்டுப் பீவா ஏரியில் மனாபு குரீத்தா என்பவர் அதற்கு இணையான ஒரு மீனைப் பிடித்தார். எடையில் வேற்றுமை மிகச் சிறிது என்பதால் இருவரும் உலகச் சாதனையைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

இவையெல்லாம் பெரிய ஏரிகளின் பெருமை. சாதாரண அமெரிக்கரோ தம் வீட்டுக்குப் பக்கத்தில், அரை ஏக்கரும் ஒரு ஏக்கருமாக இருக்கும் குளங்களில்தான் தூண்டில் போடுகிறார். அங்கே அவர் சொல்லும் குறை எப்போதும் ஒன்றே: "மீன் நிறைய மாட்டுகிறது, ஆனால் ஒன்றுகூட ஒரு சாணுக்கு மேல் இல்லை!" ஏன் இப்படி?

குளத்தின் கொள்ளளவு

இந்தக் கேள்விக்கு முறையாக விடை தேடியவர்களுள் முதன்மையானவர் ஹோமர் ஸ்விங்கிள். அலபாமா மாநிலத்து ஆபர்னில், இன்று ஆபர்ன் பல்கலைக்கழகம் எனப்படும் நிறுவனத்தில் பூச்சியியல் அறிஞராகச் சேர்ந்தவர் அவர். 1930-களில் அவரும் அவர் தோழர்களும் மீன் குளங்களின் மீது கவனத்தைத் திருப்பினர். அமெரிக்கத் தென்பகுதி உழவர்கள் வறுமையில் வாடிய காலம் அது. உழவனின் குளம் அவன் குடும்பத்துக்கு உணவளிக்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். குளங்களை வெட்டினார்கள், மீன்களை எண்ணி விட்டார்கள், பிறகு நீரை முழுதும் வடித்து, கிடந்த மீன்களை எல்லாம் அளந்து நிறுத்தார்கள். இவ்வாறு பல குளங்களில் கண்ட உண்மைகளை ஸ்விங்கிள் 1950-இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டார்.

அவற்றுள் தலையாயது இது. ஒரு குளம் தாங்கக்கூடிய மீனின் மொத்த எடைக்கு ஒரு வரம்பு உண்டு. நீரின் வளமே அவ்வரம்பை முடிவு செய்கிறது. வெயிலைக் கொண்டு பாசி வளர்கிறது. பாசியை நுண்ணுயிர்களும் பூச்சிகளும் தின்கின்றன. அவற்றைச் சிறு மீன் தின்கிறது. சிறு மீனைப் பாஸ் தின்கிறது. ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதி செலவாகிவிடும். ஒரு பவுண்டு பாஸ் உருவாக ஏறத்தாழ 10 பவுண்டு இரைமீன் தேவை என்பது வழக்கமான மதிப்பீடு. ஆகவே உச்சியில் இருக்கும் பாஸுக்குக் குளம் ஒதுக்கும் பங்கு மிகக் குறைவு.

ஒரு பேச்சுக்கு, நம் குளம் 40 பவுண்டுப் பாஸைத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 40 பவுண்டு என்பது இரண்டு பவுண்டு எடையுள்ள 20 மீன்களாகவும் இருக்கலாம். அரைப் பவுண்டு எடையுள்ள 80 மீன்களாகவும் இருக்கலாம். குளத்துக்கு இரண்டும் ஒன்றே. தூண்டிற்காரருக்குத்தான் வேற்றுமை.

இப்போது விடுதிச் சாப்பாட்டுக்கு வருவோம். 20 பேருக்கு உலை வைத்த அன்று 80 பேர் பந்தியில் அமர்ந்தால் என்ன ஆகும்? யாரும் இறந்துவிடமாட்டார்கள், எல்லோரும் அரைவயிற்றோடு எழுவார்கள். நாம் அரைவயிறு உண்டாலும் பதினெட்டு வயதுக்குள் வளர்ந்து முடிந்துவிடுகிறோம். மீனின் இயல்பு வேறு. மீனுக்கு இன்ன வயதில் இன்ன உயரம் என்ற கண்டிப்பு இல்லை. உண்ட உணவில் முதற்பங்கு உயிரைத் தாங்குவதற்குப் போகிறது, மிஞ்சியதே வளர்ச்சியாகிறது. மிச்சம் இல்லையெனில் வளர்ச்சியும் இல்லை. நான்கைந்து வயதான பாஸ் 10 அங்குலத்திலேயே நின்றுவிடும். பார்ப்பவர், "பாவம், குஞ்சு, வளரட்டும்" என்று அதை நீரிலேயே விட்டுவிடுவார். அது குஞ்சன்று, பசியால் குறுகிப்போன கிழம்!

கருணை செய்யும் கேடு

அமெரிக்காவில் பிடித்த மீனை உயிரோடு நீரில் விடும் வழக்கம் 1970-களில் வேகமாகப் பரவியது. ரே ஸ்காட் என்பவர் தொடங்கிய பாஸ் தூண்டிற்காரர் சங்கம் தன் போட்டிகளில் இவ்வழக்கத்தைப் புகுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வந்து தூண்டில் போடும் பெரிய ஏரிக்கு இது நல்ல வழக்கமே. ஆனால் நான்கு வீட்டார் மட்டும் மீன் பிடிக்கும் சிறு குளத்தில், ஒன்றையும் எடுக்காமல் எல்லாவற்றையும் திருப்பி விட்டால், ஆண்டுதோறும் பிறக்கும் குஞ்சுகள் கூட்டத்தைப் பெருக்கிக்கொண்டே போகும். நல்லெண்ணமே குளத்தைக் கெடுத்துவிடுகிறது.

கெடுவதிலும் இருவகை உண்டு. பாஸ் குளத்தில் இரையாக விடப்படுவது புளூகில் என்னும் தட்டையான சிறு மீன். பாஸ் வசந்த காலத்தில் ஒருமுறை முட்டையிட்டு முடித்துவிடும். புளூகிலோ கோடை முழுவதும் பலமுறை முட்டையிடும். பாஸ் குறைந்தால் புளூகில் பெருகி, தமக்குள் போட்டியிட்டுக் குறுகி, பாஸின் முட்டைகளையும் தின்றுவிடும். பாஸ் மிகுந்தாலோ புளூகில் குஞ்சுகள் வளருமுன் தின்று தீர்க்கப்படும். தப்பிய சில புளூகில்களுக்குத் தீனி ஏராளம். அவை உள்ளங்கையளவு வளர்ந்து, குறுகிய பாஸின் வாய்க்குள் அடங்காதவை ஆகிவிடும். பாஸ் தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ உள்ள இரையையே விரும்பும். நடுத்தர இரை இல்லாத குளத்தில் நடுத்தரப் பாஸ் பெரிதாக வழியில்லை.

ஆதலின் நீரை வடிக்காமலே, தூண்டிலைக் கொண்டே குளத்தின் நோயை அறியலாம். பிடித்த மீன்களின் நீளத்தையும் எடையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும். பாஸ் எல்லாம் 8 முதல் 12 அங்குலம். தலை பெரிது, வயிறு ஒட்டியிருக்கிறது. புளூகில் மட்டும் கைகொள்ளாத அளவு என்றால், பாஸ் மிகுந்துவிட்டது. புளூகில் எல்லாம் 3 முதல் 5 அங்குலம். பாஸ் எப்போதோ ஒன்று, அதுவும் கொழுத்தது என்றால், புளூகில் மிகுந்துவிட்டது. கோடைத் தொடக்கத்தில் கரையோரம் ஒரு சிறு வலையை இழுத்து, இவ்விரண்டின் குஞ்சுகளும் இருக்கின்றனவா என்று பார்ப்பது ஸ்விங்கிள் காட்டிய மற்றொரு சோதனை.

மருந்து யாது?

பெரிய பாஸ் வேண்டுவோர்க்கு மருந்து எளிது. உரமிட்டு வளமாக்கிய குளமாயின், ஏக்கருக்கு ஆண்டுதோறும் 25 பவுண்டு அளவில், 12 அங்குலத்துக்குக் குறைந்த பாஸ்களை எடுத்து உண்ண வேண்டும். வளம் குறைந்த குளத்தில் அதில் பாதி போதும். 12 முதல் 15 அங்குலம் வரையுள்ளவற்றைத் தொடாமல் விட வேண்டும். நாளைய பெரு மீன்கள் அவையே. ஒரு கோடையில் எடுத்துவிட்டு நிறுத்துவதில் பயனில்லை. குஞ்சு பிறப்பது நிற்காதவரை எடுப்பதும் நிற்கக்கூடாது. புதிதாகக் குளம் வெட்டுபவருக்கும் ஓர் அளவு உண்டு. வளமாக்கிய குளத்தில் ஏக்கருக்குப் புளூகில் குஞ்சு 1,000, பாஸ் குஞ்சு 100. வளமாக்காத குளத்தில் இரண்டிலும் பாதி. புளூகிலை முன்னதாக இலையுதிர் காலத்தில் விட்டு, பாஸை அடுத்த ஆண்டு விட வேண்டும். பாஸ் வருமுன் விருந்து தயாராக இருக்க வேண்டுமன்றோ?

உரமிடுவதிலும் அளவு வேண்டும். முழங்கை வரை கையை நீரில் விட்டுப் பார்த்தால் உள்ளங்கை மங்கலாகத் தெரிய வேண்டும். அந்தப் பசுமை போதும். அதற்குமேல் பாசி பெருகினால், இரவெல்லாம் அது பிராணவாயுவை உறிஞ்சி, விடியுமுன் மீன்களை மூச்சுத் திணறச் செய்யும். அப்போது முதலில் மடிவது பெரும்பாலும் பெரிய மீனே. நீர்ச்செடியும் குளத்தின் பெரும்பகுதியை மூடிவிடக்கூடாது. அடர்ந்த செடிக்குள் புளூகில் ஒளிந்துகொண்டால் பாஸ் பட்டினி கிடக்கும்.

இனித் தூண்டில் போடுவதைப் பற்றி இரண்டொரு சொல். பாஸில் பெரிதாக வளர்வது பெண் மீன். வசந்தத்தில் முட்டையிடுமுன் கரையை அடுத்த ஆழமற்ற நீருக்கு அது வரும்போதுதான் எடை மிகுந்திருக்கும். கோடையில் விடியலும் அந்தியும் நல்ல வேளை. கரையில் தடதடவென்று நடந்தால் சிறு குளத்தில் எல்லா மீனும் அறிந்துகொள்ளும். ஒரே பொய் இரையைப் பலமுறை கண்ட மீன் அதை நாடாது. ஆகவே இரையை மாற்ற வேண்டும். எளிதில் கடிக்கும் குணம் பாஸில் ஓரளவு பரம்பரையாகவே வருகிறது என்று இல்லினாய் மாநிலத்து ரிட்ஜ் ஏரி மீன்களை ஆராய்ந்தவர்கள் 2009-இல் வெளியிட்டார்கள். ஆயினும் இந்தத் திறமைகள் எல்லாம் இரண்டாம் இடத்தனவே. இல்லாத பெரு மீனை எந்தத் தூண்டிலும் பிடித்துத் தராது.

நமக்கு இதனால் என்ன?

"நம் குளத்திலும் பாஸை விடலாமே" என்று யாரேனும் எண்ணினால், ஜப்பானைப் பார்க்க வேண்டும். 1925-இல் அந்நாட்டு ஆஷி ஏரியில் விடப்பட்ட பாஸ் நாடெங்கும் பரவி, உள்நாட்டுச் சிறு மீன்களை விழுங்கியது. 2005 முதல் அதை உயிரோடு கொண்டுசெல்வதும் புதிய நீரில் விடுவதும் அங்கே சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளன. நமக்குப் பாஸ் வேண்டா. பாஸ் கற்றுத்தரும் கணக்குப் போதும்.

நாம் ஜிலேபி மீன் என்று அழைக்கும் திலாப்பியா 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய் மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாக்கும்; குஞ்சு இரண்டு மூன்று மாதத்திலேயே தானும் முட்டையிடத் தொடங்கும். குளம் நிறைய மீன். ஆனால் விரலளவு மீன்! ஏழைக்கு மலிவான உணவாகும் என்று நம்பி வரவழைத்த மீன், இவ்வாறு பல குளங்களில் விலைபோகாத பொடிமீனாய் முடிந்தது. பண்ணைகளில் ஆண் மீன்களை மட்டும் வளர்க்கும் முறை எழுந்ததும் இந்த நெருக்கத்தைத் தவிர்க்கவே. குறைந்தால் பெரிதாகும் என்ற விதி அலபாமாவுக்கு மட்டும் உரியதன்று.

நம்மில் பலருக்கு ஊரில் ஒரு குளம் உண்டு. அதை மீனுக்குக் குத்தகை எடுப்பவர், குஞ்சு நிறைய விட்டால் காசு நிறைய வரும் என்று எண்ணிக் கடன் வாங்கி விடுவதும், அறுவடையன்று பொடிமீனைப் பார்த்துத் தலையில் கைவைப்பதும் நிகழக்கூடியதே. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் அன்பர்கள், குஞ்சு விடுமுன் அவரிடம் இந்த 20, 80 கணக்கைச் சொன்னால் போதும். விடுதிப் பந்தியை உவமையாகக் காட்டினால் அவருக்கு உடனே விளங்கிவிடும்.