கிழங்கின் விஷமும் முட்டையின் கந்தகமும்

சேலத்திலிருந்து ஆட்டையாம்பட்டி மார்க்கமாகத் திருச்செங்கோட்டுக்குப் பிரயாணம் செய்கிறவர், மல்லசமுத்திரத்தை நெருங்கும்போது, காடுகளில், மரவள்ளி என்றும் சொல்லப்படும் குச்சிக்கிழங்குச் செடிகள் நிமிர்ந்து நிற்பதையும், ஜவ்வரிசி மில்களின் சிமெண்டுக் களங்களில் வெள்ளை வெளேரென்று அக்கிழங்கின் மாவு காய்வதையும் காணாமல் போக முடியாது. இரண்டாம் உலக யுத்தத்தினால் மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது தடைப்பட்டபோது, 1943-ஆம் வருஷத்தில் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார் ஆரம்பித்துவைத்த தொழில் இது. 1981-இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவு ஸ்தாபனமும், 2023-இல் புவிசார் குறியீடும் இதற்கு வாய்த்தன. இந்தக் கிழங்கு மனித சரீரத்துக்குள் புகுந்த பிறகு நிகழும் சரித்திரமோ இதைவிட விசித்திரமானது.

ஜவ்வரிசி ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்து. அதாவது குளுக்கோஸ் என்னும் சர்க்கரை ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. வேகாத மாவில் இச்சங்கிலிகள் இறுகிக் கிடப்பதால் ஜீரண நீர் எளிதில் உட்புகாது. கொதிநீரில் கட்டுத் தளர்ந்த பின்னரே உமிழ்நீரின் அமைலேஸ் அவற்றை வாயிலேயே வெட்டத் தொடங்கி, இரைப்பையின் அமிலத்தில் ஓய்ந்துபோக, அந்தக் காரியத்தைக் கணையத்தின் அமைலேஸ் சிறுகுடலில் தொடர்ந்து நடத்த, முடிவில் குடற்சுவரின் மால்டேஸ் முதலிய நொதிகள் குளுக்கோஸைத் தனித்தனியாகப் பிரிக்கின்றன. அந்தக் குளுக்கோஸும் குடற்சுவரைத் தனியாகக் கடப்பதில்லை, உப்பிலுள்ள சோடியத்தின் துணையுடனேதான் கடக்கிறது என்று 1960-இல் ராபர்ட் கிரேன் எடுத்துரைத்தார். இரண்டும் போகிற வழியே நீரும் பின்தொடரும். வயிற்றுப்போக்கு கண்டவனுக்கு உப்பிட்ட கஞ்சி கொடுக்கும் நம் வீட்டுப் பாட்டிமார் சோடியத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. ஆயினும் அவர்கள் செய்தது சரியே.

100 கிராம் ஜவ்வரிசி சுமார் 350 கலோரி சக்தியைத் தரும். புரதமோ அதில் பெயரளவுக்குத்தான். சக்திக்குக் குறைவில்லை, தசை வளர்க்கும் சரக்கு மாத்திரம் இல்லை. அது மட்டுமா? கிழங்கில் விஷமும் உண்டு. லினமாரின் என்னும் பதார்த்தம் அதன் செல்களுக்குள்ளும், அதை உடைக்கும் நொதி செல்களின் சுவரிலும் தனித்தனியே இருக்கின்றன. நறுக்கும்போதோ மெல்லும்போதோ இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. சுவாசித்த பிராணவாயுவைச் செல்கள் உபயோகிக்கவொட்டாமல் தடுப்பது இது. குச்சிக்கிழங்குத் தழையை மேய்ந்த ஆடு மடிந்துவிடும் என்பது இப்பக்கத்து மேய்ப்பர்களுக்குத் தெரியாததன்று. தோலை உரித்து, துண்டாக்கி, நிறைய நீரில் மூடாத பாத்திரத்தில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டுவதன் சூட்சுமமும் இதுவே; மில்லில் கிழங்கை அரைத்துப் பன்முறை நீரில் கழுவி மாவைப் படியவிடுவதால், ஜவ்வரிசியில் இந்த ஆபத்துப் பெரிதும் நீங்கிவிடுகிறது.

வெந்த கிழங்கில் கொஞ்சம் எஞ்சினால்? அதற்கும் கல்லீரலில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ரோடனீஸ் என்னும் நொதி சயனைடோடு ஒரு கந்தக அணுவைச் சேர்த்து, வீரியம் மிகக் குறைந்த தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. தழை தின்று சாய்ந்த ஆட்டுக்குக் கால்நடை மருத்துவர் சோடியம் தயோசல்பேட் ஊசி போடுவதும் அந்தக் கந்தகத்தைக் கொடுப்பதற்குத்தான். ஆனால் ஊசியில்லாத நமக்குக் கந்தகம் எங்கிருந்து வரும்? மெதியோனின், சிஸ்டைன் ஆகிய புரதக் கூறுகளிலிருந்து வரவேண்டும். கிழங்கில் அவை மிகச் சொற்பம். ஆப்பிரிக்காவின் காங்கோ பிரதேசத்தில், பஞ்ச காலங்களில் சரியாகப் பக்குவப்படுத்தாத கசப்புக் கிழங்கையே நம்பிப் புரதமின்றி வாழ்ந்தவர்களுக்குக் கால்கள் விறைத்து முடங்கிப்போகும் கொன்சோ என்னும் நோய் கண்டது இக்காரணத்தால்தான்.

இங்கேதான் மல்லசமுத்திரத்தை உள்ளடக்கிய நாமக்கல் ஜில்லாவின் விந்தை இருக்கிறது. கிழங்கு விளைகிற அதே சமவெளியில், அதன் குறையைத் தீர்க்கும் பொருளும் கோழிப்பண்ணைகளில் கோடிக்கணக்கில் விளைகிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். மெதியோனினும் சிஸ்டைனும் அதில் தாராளம். அவித்த முட்டையில் அழுகல் நாற்றத்தைப் போல ஒரு வாடை அடிப்பதற்கும் அந்தக் கந்தகமே காரணம். வாடையை நினைத்து முகம் சுளிப்பவர்கள் அதன் பயனையும் நினைக்கலாம். முட்டை தொடாதவர்களுக்கு எள்ளில் மெதியோனின் நிறைய இருக்கிறது. கிழங்குக்கு எள்ளுப்பொடி தொட்டுக்கொள்வதில் ருசியும் குறையாது. தயோசயனேட் தைராய்டுச் சுரப்பிக்கு அயோடின் சேரவொட்டாமல் சிறிது தடுக்கும் என்பதொன்று பாக்கி. கிழங்கு வேகும்போது அயோடின் கலந்த உப்பைப் போட்டு நீரை வடித்துவிட்டால் அதில் ஒரு பகுதி சாக்கடைக்குப் போய்விடுமாதலால், தட்டில் இட்ட பிறகு தூவிக்கொள்வதே உசிதம்.