பழைய லாரிக்கு பாட்டில் மருந்து தேவையா?

மார்க்கையன்கோட்டையில் வாழையும் நெல்லும் வைத்திருக்கும் விவசாயி ஒருவரிடம் 2009 மாடல் லாரி ஒன்று இருக்கிறது. இரண்டாவது கையாக வாங்கியது. தன் தோட்டத்துத் தாரோடு பக்கத்துத் தோட்டத்துத் தாரையும் ஏற்றிக்கொண்டு, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி மலையேறி கேரளாவுக்குப் போய் வரும் வண்டி. இழுவை குறைகிறது, புகை கூடுகிறது என்று தோன்றியதும், யாரோ சொன்னதைக் கேட்டு, இரண்டு மாதமாக ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் ஒரு பாட்டில் 'டீசல் டானிக்' ஊற்றி வந்தார்.

ஐப்பசி மழை நாளொன்றில் முழு லோடோடு லோயர் கேம்ப் தாண்டி மலையில் ஏறும்போது வண்டி நின்றுவிட்டது. கம்பத்திலிருந்து மெக்கானிக் வந்து சேர மதியமாகிவிட்டது. அவர் பாட்டிலைப் பற்றிக் கேட்கவேயில்லை. டீசல் பில்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைக் கழற்றினார். அரை டம்ளர் தண்ணீர், அதன் பின்னால் துருக் கலங்கல்.

"அண்ணே, மருந்து ஊத்துனீங்களே, இந்தத் தண்ணிய எறக்குனீங்களா?"

"டிரைவர் பார்த்துக்குவான்னு விட்டுட்டேன் தம்பி."

தார் மறுநாள்தான் மண்டிக்குப் போனது. வெயிலிலும் மழையிலும் நின்ற வாழைக்கு என்ன விலை கிடைத்திருக்கும் என்று வாழை போடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மாதிரி பாட்டில்கள் எல்லாமே ஏமாற்று என்றால் அது தவறு. எதற்காக உருவானவை என்று தெரிந்தால்தான் நம் வண்டிக்கு வேண்டுமா என்று முடிவு செய்யலாம். குளிர் நாடுகளில் டீசல் மெழுகாக உறைந்துவிடாமல் இருக்க ஒரு வகை உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் டீசல் உறையாது; அந்த வாக்கியம் லேபிளில் இருந்தால் அதற்குக் கொடுக்கும் காசு வீண். டீசல் சீக்கிரம் பற்றுவதற்கான 'சீட்டேன்' எண்ணை உயர்த்துவது இன்னொரு வகை. இங்கே விற்கும் டீசலில் இந்த எண் குறைந்தது 51 இருக்க வேண்டும் என்பது தரநிலை. பழைய என்ஜினுக்கு அது தாராளம். நாசில் முனையில் படியும் கரியைக் கழுவும் வகைக்கு ஓரளவு பயன் உண்டு. ஆனால் தேய்ந்துபோன நாசிலை எந்தத் திரவமும் புதிதாக்காது.

பழைய வண்டிக்காரர்கள் உண்மையிலேயே யோசிக்க வேண்டியது வழவழப்பைப் பற்றி. 2009-ல் தேனி மாவட்டத்தில் கிடைத்த டீசலில் கிலோவுக்கு 500 மில்லிகிராம் வரை கந்தகம் இருக்கலாம். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் வந்த பி.எஸ்.6 டீசலில் அது 10 மில்லிகிராம்தான். கந்தகம் மசகு அல்ல. ஆனால் கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில், டீசலுக்கு இயற்கையாகவே வழவழப்பைத் தந்த சில பொருட்களும் சேர்ந்து போய்விடுகின்றன. 1991-ல் ஸ்வீடன் மிகக் குறைந்த கந்தக டீசலைக் கொண்டுவந்தபோது ரோட்டரி பம்ப்கள் சீக்கிரமே தேய்ந்து நின்றன. அந்த அனுபவத்துக்குப் பிறகு, வழவழப்புக்கான சேர்மானத்தைச் சுத்திகரிப்பு நிலையத்திலேயே கலப்பது வழக்கமாகிவிட்டது. இந்தியத் தரநிலையும் இதற்கு அளவு வைத்திருக்கிறது: சோதனையில் எஃகுக் குண்டில் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது. அதாவது, நல்ல பங்கில் பிடிக்கும் டீசலில் இந்த மருந்து ஏற்கெனவே இருக்கிறது.

உங்கள் வண்டியில் எந்த பம்ப் என்று பானட்டைத் திறந்து பார்த்தாலே தெரியும். நாசிலுக்குப் போகும் பைப்புகள் ஒரே வரிசையாகக் கிளம்பினால் இன்லைன் பம்ப். பழைய லாரிகளில் அதிகம் இருப்பது இதுதான். இதன் அடிப்பாகம் பெரும்பாலும் என்ஜின் ஆயிலில் ஓடுகிறது, டீசலை முழுக்க நம்பியிருக்கவில்லை. பைப்புகள் வட்டமாகக் கிளம்பினால் ரோட்டரி. அதன் உள்ளே எல்லாவற்றுக்கும் டீசலே மசகு. ரோட்டரி பம்ப் வண்டி வைத்திருப்பவர், பெயர் தெரிந்த கம்பெனியின் வழவழப்புத் திரவத்தை லேபிளில் சொன்ன அளவில் ஊற்றினால் கெடுதல் இல்லை. இன்லைன் பம்ப்காரருக்கு அதுவும் அவசியமில்லை.

இரண்டு வகைக்கும் பொது எதிரி தண்ணீர். பம்பின் பிளஞ்சருக்கும் அது ஓடும் குழாய்க்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். மனித முடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. அங்கே தண்ணீர் போனால் துரு, துரு போனால் கீறல். தண்ணீரும் டீசலும் சேரும் மட்டத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து, வழுவழுப்பான கறுப்புப் பாசியாக பில்டரை அடைப்பதும் உண்டு. பாட்டில் விஷயத்தில் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். சில திரவங்கள் தண்ணீரை டீசலிலிருந்து பிரித்து அடியில் இறக்குபவை. வேறு சில, பால்போல நுண்துளிகளாக டீசலோடு கலந்துவிடுபவை. இரண்டாவது வகையை ஊற்றினால், பில்டர் கிண்ணத்தில் தங்கியிருக்க வேண்டிய தண்ணீர் பம்புக்குள்ளேயே போகும். டேங்கில் தண்ணீர் இருக்கும்போது மருந்து ஊற்றுவது, நோய் தெரியாமல் பூச்சிமருந்து அடிப்பதைப் போல.

பாட்டில் செலவு கட்டுபடியாகிறதா என்பதற்குக் கணக்கு எளிது. 300 ரூபாய் பாட்டிலை 50 லிட்டருக்கு ஊற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். லிட்டர் 93 ரூபாய் என்றால் டீசல் 4,650 ரூபாய், பாட்டிலோடு 4,950. லிட்டருக்கு 6 கிலோமீட்டர் தரும் வண்டி 50 லிட்டரில் 300 கிலோமீட்டர் ஓடும். பாட்டில் காசு திரும்ப வேண்டுமானால் அதே டீசலில் 319 கிலோமீட்டர் ஓட வேண்டும். இதை ஒரு நடையில் அளந்து பயனில்லை. குமுளிக்கு லோடோடு ஏறுவதும் காலியாக இறங்குவதும் ஒன்றல்ல. டேங்க் கழுத்துவரை நிரப்பி, ஒரே தடத்தில் ஒரே மாதிரி லோடில் மருந்தில்லாமல் ஐந்து நடை, மருந்தோடு ஐந்து நடை என்று நோட்டில் எழுதிப் பாருங்கள். எழுதிப் பார்க்காதவர்கள்தான் "மைலேஜ் கூடிடுச்சு" என்று அடித்துச் சொல்வார்கள்.

எரிபொருள் விஷயத்தில் ஆசை அறிவை மறைப்பது நமக்குப் புதிதல்ல. பச்சிலையிலிருந்து பெட்ரோல் என்று 1996-ல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து ராமர் பிள்ளை சொன்னபோது நாடே திரும்பிப் பார்த்தது. மூலிகை எரிபொருள் என்று விற்றதில் பெட்ரோலியப் பொருட்களே கலந்திருந்தன என்று சி.பி.ஐ. வழக்குத் தொடுத்தது, 2016-ல் சென்னை நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

பாட்டிலைவிடக் கெடுதலானவை கைவைத்தியங்கள். மண்ணெண்ணெய் கலந்தால் டீசல் நீர்த்துப் போகும், வழவழப்பும் குறையும். தேய்ந்த பம்பில் கசிவு கூடி இழுவை இன்னும் இறங்கும். சட்டப்படியும் குற்றம். பழைய என்ஜின் ஆயிலை வடிகட்டி ஊற்றுபவர்கள் உண்டு. துணியில் தங்காத உலோகத் துகள் பிளஞ்சரில் தங்கும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், ரப்பர் சீல்களைக் கெடுக்கும். டூ-டி ஆயில் கொஞ்சம் ஊற்றினால் பழைய என்ஜின் உடனே கெட்டுவிடாது. ஆனால் அது டீசலுக்காகச் செய்யப்பட்டது அல்ல. புங்கன் எண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றை அப்படியே ஊற்றினால் தடிப்பு காரணமாக நாசிலில் கரி கட்டும். அதைப் பயோடீசலாக மாற்றும் வேதிமுறை வேறு.

புது லாரிகளுக்கு வாங்கும் 'டி.இ.எஃப்.' நீலக் கேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது 32.5 சதவீத யூரியாக் கரைசல், புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றுவது. பழைய லாரியின் டீசல் டேங்கில் அதை ஊற்றினால் யூரியா உப்பாகப் படிந்து பம்ப் முழுக்க வீணாகும். வயலுக்கு வாங்கிய வேப்பம்பூச்சு யூரியாவைக் கரைத்துப் புது லாரிக்கு ஊற்றுவதும் வேண்டாம். வேப்பெண்ணெய் அந்தக் கருவியைக் கெடுக்கும். மானிய யூரியாவை வேறு வேலைக்குத் திருப்புவது உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றமும்கூட.

புகையைப் பார்த்தாலே வண்டி பாதி சொல்லிவிடும். கறுப்பு என்றால் முதலில் ஏர் பில்டர், பிறகு அதிக லோடு, பிறகு நாசில். நீலம் என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது, ரிங் பார்க்க வேண்டும். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் டைமிங், நாசில் இரண்டையும், ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நாசிலைக் கழற்றி பம்ப் கடையில் சோதனைக் கருவியில் தெளிப்புப் பார்க்கச் சொல்வது, மாதக்கணக்கில் பாட்டில் வாங்குவதைவிடப் பயனுள்ள செலவு.

அந்த மார்க்கையன்கோட்டை லாரியில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது பெட்ரோல் பங்க் மேல்தான் முதல் சந்தேகம். வண்டிக்குப் பிடித்த டீசலை வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் ஓரிரவு வைத்துப் பார்த்தார்கள். அடியில் ஒன்றும் இறங்கவில்லை. பிறகு மோட்டார் ரூம் பக்கத்தில் டிராக்டருக்காக வைத்திருந்த 200 லிட்டர் டிரம்மிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். விரல் தடிமனுக்குத் தண்ணீர். அவசரத்துக்கு லாரிக்கும் அதிலிருந்துதான் பிடித்திருக்கிறார்கள். டிரம் வானம் பார்த்து நிமிர்ந்து நின்றிருக்கிறது. பகலில் சூடாகி, மழையில் திடீரென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கும். மேல்மூடியில் தேங்கிய மழைநீரை மரைவழியே அதுவே உறிஞ்சிக்கொள்ளும்.

டிரம்மைக் கூரைக்கடியில், கட்டை மேல், சற்றுச் சாய்த்து வைத்து, மூடி உயரமான பக்கத்தில் இருக்கும்படி திருப்பிவிட்டார்கள். கைபம்பின் குழாய் அடிமட்டத்துக்கு நான்கு விரல் மேலே நிற்கும்படி வெட்டியாயிற்று. லாரி டேங்கைக் கழற்றிக் கழுவி, இரண்டு பில்டரையும் மாற்றினார்கள். நடை முடிந்து வந்ததும் மாலையிலேயே டேங்கை நிரப்பிவிடுகிறார்கள். காலி இடம் குறைவாக இருந்தால் இரவில் வியர்க்கும் ஈரமும் குறையும். திங்கட்கிழமை காலையில், என்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன், பில்டரின் அடித் திருகைத் திறந்து சுத்தமான டீசல் வரும்வரை வடிக்கிறார் டிரைவர். முதல் இரண்டு வாரம் சில சொட்டுத் தண்ணீர் வந்தது. மூன்றாவது வாரம் வரவில்லை.