நொண்டும் பூனைக்கு நம் மாத்திரை வேண்டாம்

வீட்டுப் பூனை ஒரு காலைத் தூக்கியவாறு நொண்டி வந்தால், சிறுவர் கலங்குவர். பெரியோர் இரக்கத்தோடு மருந்துப் பெட்டியைத் திறப்பர். அந்த இரக்கமே சில வேளைகளில் அதன் உயிருக்கு உலை வைத்துவிடுகிறது. ஆகவே, செய்யத்தக்கது எது, தகாதது எது என இங்குச் சிறிது சிந்திப்போம்.

வலியை மறைப்பது பூனையின் இயல்பு. கத்தவில்லை என்பதால் வலி இல்லை என்று எண்ணலாகாது. முதலில் அதனை நடக்கவிட்டு, எந்தக் காலை ஊன்றத் தயங்குகிறது என்று கவனிப்போம். பின்னர்த் தடித்த துண்டில் சுற்றி மடியில் இருத்தி, பாதத்திலிருந்து மேல்நோக்கி மெல்லத் தடவிப் பார்ப்போம். முள் தைத்திருக்கலாம், முதிய பூனையாயின் நகமே வளைந்து பாதத்தில் குத்தியிருக்கலாம். மேலாகத் தைத்த முள்ளை எடுத்து, வெதுவெதுப்பான உப்பு நீரால் கழுவலாம். ஆழமாக இறங்கியதை மருத்துவரிடம் விடுவதே நன்று.

வெளியே திரியும் பூனைகள் சண்டையில் கடிபட்டு நொண்டுவதும் உண்டு. பல் பதிந்த சிறு துளை விரைவில் மூடிக்கொள்ளும். உள்ளேயோ சில நாட்களில் சீழ் கட்டும். வீங்கிச் சூடாயிருக்கும் இடத்தை நாமே பிதுக்கலாகாது.

இனி, முதன்மையான எச்சரிக்கை. நாம் காய்ச்சலுக்கு உட்கொள்ளும் பாரசிட்டமால் பூனைக்குக் கொடிய நஞ்சு. அம்மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. அதனால் இரத்தச் சிவப்பணுக்கள் பழுதுற்று, உயிர்வளியைச் சுமக்க இயலாது போகின்றன. ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சுத் திணறும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே அதனைக் கொல்லப் போதும், பாதியும் ஆபத்தே. இபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் அவ்வாறே தீங்கானவை. அறியாது எவரேனும் கொடுத்துவிட்டால், அளவையும் நேரத்தையும் மறைக்காது மருத்துவரிடம் கூறுக. பாரசிட்டமாலுக்கு முறிமருந்து உண்டு; தாமதித்தால் அதுவும் பயன்படாது.

பின்னங்கால்கள் திடீரெனச் செயலற்றுக் குளிர்ந்து, பூனை கதறுமாயின், இரத்தக் குழாயை அடைப்பு மூடியிருக்கலாம். அப்போதும், கால் முறிந்து தொங்கும்போதும், கட்டுப் போட்டுப் பார்க்காமல், அட்டைப் பெட்டியில் துணி விரித்து உடனே கொண்டு செல்ல வேண்டும்.

வழக்கம்போல் உண்டு, காலை ஓரளவு ஊன்றும் பூனையை, ஏறிக் குதிக்க இடமில்லாத அறையில் ஒரு நாள் ஓய்வாக வைக்கலாம். நொண்டல் குறையாவிடில் கால்நடை மருத்துவரை நாடுவோம். கால்நடை மருத்துவமனை ஆடுமாடுகளுக்கு மட்டும் உரியதன்று.

வலியினால் அது நம்மைக் கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, வெறிநோய்த் தடுப்பூசிக்காக உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

தன் நோவைச் சொல்ல வாயில்லாத உயிர் நம்மையே நம்பியிருக்கிறது. அதற்கு இரக்கம் மட்டும் போதாது. அறிவோடு கூடிய இரக்கம் வேண்டும்.