பருந்தும் மீன்கொத்தியும்

இராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்குத் தெற்கே, பாக் விரிகுடாவின் கரையில் காரங்காடு என்னும் மீனவர் சிற்றூர் உள்ளது. அங்கே அலையாத்தி மரங்கள் அடர்ந்து செழித்திருக்கின்றன. அவற்றினூடே படகிற் செல்வோர் இருவகைப் பறவைகளைக் காணலாம். செம்பருந்து உயரத்தே இறக்கைகளை விரித்து, அவற்றை அடியாமலே வட்டமிடும். கருப்பு வெள்ளை மீன்கொத்தியோ நீருக்கு மேலே ஓரிடத்திலேயே நின்று, சிறகுகளைப் படபடவென அடித்துக்கொண்டு, கீழே செல்லும் மீனைக் குறிபார்க்கும். பருந்து நாள் முழுதும் மிதந்தாலும் களைப்பதாகத் தோன்றுவதில்லை. மீன்கொத்தியோ சில நொடிகளுக்கு மேல் அவ்வாறு நிற்பதில்லை. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர்க்கு ஆகாய விமானத்திற்கும் ஹெலிகாப்டருக்கும் உள்ள வேறுபாடு எளிதில் விளங்கும்.

இராமேசுவரத்துத் தொடக்கப் பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் ஆசிரியர், பறவை பறக்கும் முறையைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். மாணவர்க்கு அது விளங்காமற் போகவே, அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று பறவைகளையே காட்டினார். அம்மாணவருள் ஒருவரே பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். நாமும் அவ்வழியே செல்வோம்.

இறக்கை எவ்வாறு பொருளைத் தூக்குகிறது? அது காற்றினூடே விரைந்து செல்லும்போது காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. அவ்வாறு தள்ளப்படும் காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது. ஆகவே இறக்கைக்கும் காற்றுக்கும் இடையே விரைவு வேண்டும். காற்றில்லாத நாளில் நூலைப் பிடித்துக்கொண்டு ஓடினாலன்றிப் பட்டம் எழாது என்பதைச் சிறுவர் யாவரும் அறிவர்.

ஆகாய விமானத்தின் இறக்கைகள் உடலோடு அசையாமற் பொருத்தப்பட்டவை. ஆதலின் இறக்கை விரைய வேண்டுமாயின் விமானம் முழுவதும் விரைய வேண்டும். ஓடுபாதை வேண்டியிருப்பது இதனாலேதான். இருவர் அமரும் பயிற்சி விமானமே மணிக்கு 80, 90 கிலோமீட்டர் விரைவுக்குக் கீழே செல்லுமாயின், இறக்கை அதனைத் தாங்கமாட்டாது.

ஹெலிகாப்டரிலோ உடல் நிற்க, இறக்கை மட்டும் ஓடுகிறது. தலைக்கு மேலே சுழலும் அலகுகளைப் பலர் விசிறி என்பர். உண்மையில் அவை இறக்கைகளே. பெங்களூரில் கட்டப்பட்ட சேத்தக் ஹெலிகாப்டருக்கு அத்தகைய அலகுகள் மூன்று. அவை சுழலும் வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 11 மீட்டர். அவை நிமிடத்திற்கு ஏறத்தாழ 350 முறை சுழல்கின்றன. கணக்கிட்டுப் பார்ப்பின், அலகின் நுனி மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விரைவில் செல்வது புலனாகும். இருக்கையில் அமர்ந்திருப்பவரோ இருந்த இடத்திலேயே இருக்கிறார்!

இவ்வசதி விலையின்றிக் கிடைப்பதன்று. எஞ்சின் அலகுகளை ஒருபுறம் சுழற்றும்போது, ஹெலிகாப்டரின் உடல் மறுபுறம் சுழல முற்படும். அதனைத் தடுக்கவே வாலில் ஒரு சிறு சுழலி பொருத்தப்படுகிறது. அசையாமல் நிற்பது எளிதென நாம் எண்ணுவோம். ஆனால், நடுத்தர விரைவில் முன்னோக்கிச் செல்வதைக் காட்டிலும் அந்தரத்தில் நிற்பதற்கே ஹெலிகாப்டரின் எஞ்சின் மிகுதியாக உழைக்க வேண்டும்.

மிகு விரைவும் அதற்கு வாய்ப்பதில்லை. சேத்தக் மணிக்கு 200 கிலோமீட்டர் விரைவில் முன்செல்வதாகக் கொள்வோம். முன்னோக்கி வரும் அலகின் நுனி 900 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவிற் காற்றைச் சந்திக்கும். எதிர்ப்புறம் பின்வாங்கும் அலகின் நுனியோ 500 கிலோமீட்டரளவிலேயே சந்திக்கும். விரைவு மேலும் கூடினால் பின்வாங்கும் அலகு தூக்கும் வலிமையை இழக்கும். இத்தகைய இடர்களாலேதான் ரைட் சகோதரர் 1903 ஆம் ஆண்டில் விமானத்தில் பறந்த பின்னரும், சிகோர்ஸ்கி தம் ஹெலிகாப்டரை அமெரிக்காவில் தரையிலிருந்து எழச் செய்ய 1939 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன்பு முயன்றோர் பலர். நிலைத்த வடிவம் தந்தவர் அவரே எனலாம்.

விமானியின் வேலையும் வேறுபடும். நன்கு சமன் செய்யப்பட்ட விமானம், விமானி சற்றே கையை எடுத்தாலும் தன் வழியே செல்லும். ஹெலிகாப்டர் ஓட்டுபவரின் வலக்கை ஒரு கோலையும் இடக்கை மற்றொரு கோலையும் பற்றியிருக்க, கால்கள் இரண்டும் வாற்சுழலியை ஆண்டுகொண்டிருக்கும். ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் மாற்ற வேண்டும். செலவும் மிகுதி. ஆதலின் 1930 ஆம் ஆண்டு தோன்றிய மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் போன்ற சங்கங்களில், தம் விருப்பத்தின் பொருட்டுப் பறக்கக் கற்றோர் பெரும்பாலும் சிறு விமானங்களிலேயே கற்றனர். அத்தகைய சங்கங்களுக்கென்றே புஷ்பக் என்னும் விமானம் நம் நாட்டில் வடிவமைக்கப்பட்டு, 1958 ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்தது.

வானில் எஞ்சின் நின்றுவிட்டால் என்ன நேரும்? விமானம் பருந்தைப்போற் சறுக்கிக்கொண்டே இறங்கும். ஹெலிகாப்டர் கல்லைப்போல் விழும் என்பது பலர் கருத்து, அது பிழை. இராமநாதபுரத்துச் சிறுவர் பனையோலையிற் காற்றாடி செய்து, எதிர்காற்றில் ஓடி அதனைச் சுழலச் செய்வர் அல்லவா? அவ்வாறே, இறங்கும் ஹெலிகாப்டரின் அலகுகளைக் கீழிருந்து வரும் காற்றே சுழற்றுகிறது. அதற்கு விமானி ஓரிரு நொடிக்குள் அலகுகளின் சாய்வைக் குறைத்துவிட வேண்டும். தரையை நெருங்கியதும் சாய்வைக் கூட்டினால், சுழற்சியிற் சேர்ந்துள்ள ஆற்றல் ஒரே ஒரு முறை ஹெலிகாப்டரைத் தாங்கி மெல்ல இறக்கும். இரண்டாம் முறைக்கு அவ்வாற்றல் எஞ்சியிராது.

இவ்விரண்டனுள் எது சிறந்தது என வினவுதல் பொருந்தாது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியபோது, ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ஒரு ரயில் நின்றுவிட்டது. சாலைகள் துண்டிக்கப்பட்ட அவ்விடத்திற்கு ஹெலிகாப்டர்கள் உணவு கொணர்ந்தன. ஓடுபாதையை நாடும் விமானம் அங்கே இறங்குவதெங்ஙனம்? கடலில் தேடும்போதோ நிலைமை வேறு. காரங்காட்டிற்குத் தெற்கே உச்சிப்புளியில், 2009 ஆம் ஆண்டு முதல் ஐ.என்.எஸ். பருந்து என்னும் பெயருடன் கடற்படை விமானத் தளம் இயங்குகிறது. அங்கே ஓடுபாதையும் உண்டு, ஹெலிகாப்டர்களும் உண்டு.

இரண்டும் ஏன் வேண்டும் என்பதை 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் காட்டியது. குமரி மாவட்டத்து மீனவர் பலர் அப்போது ஆழ்கடலில் இருந்தனர். காற்று அவர்களுடைய படகுகளை நெடுந்தொலைவு அடித்துச் சென்றது. கடற்படையும் கடலோரக் காவற்படையும் கப்பல்களையும், விமானங்களையும், ஹெலிகாப்டர்களையும் அனுப்பித் தேடின. நெடுந்தொலைவு சென்று பரந்த நீர்ப்பரப்பைத் துழாவுதல் விமானத்திற்கு இயலும். ஆனால் அலையிடையே தத்தளிப்பவரைக் கண்டாலும் அது நின்று தூக்க இயலாது. மிதவையை வீசிவிட்டு, இருக்குமிடத்தைப் பிறர்க்கு அறிவித்து, மேலே வட்டமிடலாம். ஹெலிகாப்டர் அவர் தலைக்கு மேலே நின்று கயிற்றை இறக்கும். ஆனால் எரிபொருள் விரைவிற் குறைவதால் கரையிலிருந்து அது நெடுந்தொலைவு செல்ல இயலாது. அதற்கப்பால் கப்பலின் மேல்தளத்திலிருந்தே எழ வேண்டும். அவ்வாறு மீட்கப்பட்டவரும் உண்டு. எவ்வளவு தேடியும் கரை திரும்பாதவரும் பலர்.