அலாரம் அடித்தும் ஏன் மறக்கிறது?

‘ஏடிஎச்டி என்னும் கவனக்குறைவுக் கோளாறு உள்ள என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அலாரம் வைத்தாலும் மாத்திரை போட மறந்துவிடுகிறாள். சந்தா கட்டி ஒரு செயலி வாங்கலாமா?’ என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வாங்க வேண்டாம் என்பதே என் பதில். மூளைப் பயிற்சி என்று விற்கப்படும் விளையாட்டுகளும் அப்படித்தான். அந்த விளையாட்டில் கை தேர்கிறது, அன்றாட வேலைகளுக்கு அது வந்து சேர்வதில்லை.

செய்யவேண்டியதை நினைவில் வைப்பதில் இரண்டு வகை உண்டு என்று ஐன்ஸ்டைன், மெக்டேனியல் என்ற உளவியலாளர்கள் 1990-இல் பிரித்துக் காட்டினார்கள். ‘எட்டு மணிக்கு மாத்திரை’ என்பது நேரத்தை நம்பியது. ‘பல் தேய்த்ததும் மாத்திரை’ என்பது நிகழ்வை நம்பியது. ஏடிஎச்டி உள்ளவர்கள் அதிகம் தடுமாறுவது முதல் வகையில்தான்.

முதல் வகை, அடுப்பில் வைத்த பால். அது கூப்பிடாது, நாம்தான் போய்ப் போய்ப் பார்க்க வேண்டும். வேறொன்றில் மனம் ஆழ்ந்தால் பொங்கி வழிந்துவிடும். இரண்டாவது வகை குக்கர். பக்கத்து அறையில் இருந்தாலும் விசில் நம்மைத் தேடி வரும். அலாரமும் விசில்தானே என்றால், விசில் அடிப்பது மொட்டைமாடியில், அடுப்பு இருப்பதோ கீழே. சத்தத்தை நிறுத்திவிட்டு இறங்குவதற்குள் வழியில் ஒரு செய்தித்தாள் கண்ணில் படும். நாளுக்குப் பத்து அலாரம் வைத்தால், பத்து குக்கரும் ஒன்றாக அலறி எது சாதம், எது பருப்பு என்றே தெரியாமல் போகும். விசில் அடுப்படியிலேயே அடிக்க வேண்டும், ஒரே வேலையைச் சொல்ல வேண்டும்.

அதனால் மாத்திரை டப்பா பிரஷ் பக்கத்தில் இருக்கட்டும். ‘பிரஷைக் கீழே வைத்ததும் டப்பாவைத் திறப்பேன்’ என்று முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவைப்பதும் உதவும். காவ்ரிலோ, கோல்விட்சர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ‘இது வந்தால் இதைச் செய்வேன்’ என்று தீர்மானித்துக்கொண்ட ஏடிஎச்டி குழந்தைகள், கையை அடக்கவேண்டிய சோதனையில் மேம்பட்டார்கள். ஆய்வகத்தில் கிடைத்த முடிவுதான், ஆனாலும் செலவில்லாத வழி.

வரலாறும் கொஞ்சம். 1902-இல் லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் இத்தகைய பிள்ளைகளிடம் ஒழுக்கக் கட்டுப்பாடு குறைவு என்றார். ஏடிஎச்டி என்ற இன்றைய பெயர் 1987-இல் வந்தது. நம் வீடுகளில் இன்னும் ‘திமிர்’, ‘சோம்பேறித்தனம்’ என்கிறோம். இந்தப் பழி அநியாயம்.

ஓர் எச்சரிக்கை. நினைவூட்டலுக்காகக் கண்ணாடியில் ஒட்டிய மஞ்சள் சீட்டு சில நாளில் கண்ணாடியாகவே ஆகிவிடும். கண் அதைத் தாண்டிப் போகும். நிறத்தையோ இடத்தையோ மாற்றிக்கொண்டே இருங்கள். ‘போட்டேனா, இல்லையா?’ என்ற குழப்பத்துக்கு ஏழு அறை டப்பா போதும். செவ்வாய் அறை காலி என்றால் செவ்வாய் மாத்திரை போட்டாயிற்று.